கட்டுமரத்துப் பங்கு

பவுனம்மாளுக்கு நீர்க்கடுப்பு வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொன்னது அவளுடைய கால் கட்டைவிரல்தான். இரண்டு கால் நகத்திலும் சுண்ணாம்பு தடவியிருந்தாள். திருவொற்றியூர்க் குப்பத்தில் நீர்க்கடுப்புக்கு அதுதான் கைகண்ட மருந்து. ராயபுரத்தில் டிராம் ஓடுவது நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சித்திரையில், குப்பத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு ராயபுரத்துக்கு மீன் விற்கப் போன பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேர் காலிலும் சுண்ணாம்பு இருந்தது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் எங்கே எரிகிறது என்பதும் சேர்ந்து வரும்.

காரணம் ஒன்றும் பரமரகசியம் இல்லை. காலை நாலு மணிக்கு இருட்டோடு இருட்டாகக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தால், மறுபடி ஒதுங்க ராத்திரி ஏழு மணி ஆகவேண்டும். நடுவில் பதினைந்து மணி நேரம். ஆண்பிள்ளைக்கு ராயபுரத்தில் எந்தச் சுவரும் சொந்தச் சுவர். பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு சுவரை யாரும் இன்னும் கட்டவில்லை. ஆகவே ஐந்து பேரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள், பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. மீன்கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் கழுத்தில் ஓடி, முதுகில் ஓடி, புடவையை நனைக்கும். வாய்க்குள் மட்டும் சொட்டு இறங்காது. இதில் அவர்களுக்குப் பெருமை வேறு. "மத்தியானம் தண்ணி குடிக்கிறவ வியாபாரத்துக்கு லாயக்கில்ல" என்பாள் வேம்பு. ஐந்து பேரில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

பவுனம்மாளுக்குப் பத்து நாளாயிற்று. சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்து, மறுபடி தடவி, அதுவும் உதிர்ந்தது. எரிச்சல் உதிரவில்லை. ஒண்ணுக்குப் போவதை நினைத்தாலே பல்லைக் கடித்தாள். கடைசியில் நிறம் மாறி, கழுவிய மீன்தண்ணீர்போல் சிவப்பாக வந்தது. புருஷன் தண்டபாணியிடம் சொன்னாள். "சூடு. எண்ண தேச்சி முயுவு" என்றான். அவனுக்கு உலகத்தில் இரண்டே வியாதி, சூடும் குளிரும். இரண்டுக்கும் எண்ணெய்தான்.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் லேடி டாக்டர் ஒருவர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். பவுனம்மாள் அவர் சமையல்கட்டுக்கு ஆறு வருஷமாக மீன் கொடுக்கிறவள். பின்வாசலில் ஆயா சிலுவையம்மாளோடு ஆறு வருஷச் சண்டை, மீன் செவுளைத் திறந்து பார்த்துப் பார்த்து. அன்றைக்கு முன்வாசலில் போய் நின்றாள். சிலுவையம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

டாக்டரம்மா கேட்டார், பார்த்தார், ஒரு சீசாவை எடுத்து வைத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று மாத்திரைகள்.

"புது மருந்து. கம்பெனிக்காரர் ரெண்டு சீசா குடுத்துட்டுப் போனார். இதுல பதினாறு இருக்கு. ஒரு நாளைக்கு நாலு, நாலு நாள். எரிச்சல் நின்னாலும் நிறுத்தாதே. தண்ணி நிறையக் குடி."

தண்ணீர் விஷயத்தை பவுனம்மாள் அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். சீசாவை மடியில் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் புஷ்பவல்லி மடியைப் பார்த்துவிட்டாள். புஷ்பவல்லிக்கும் இவளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. ஒன்றாக நண்டு பொறுக்கி வளர்ந்தவர்கள், ஒரே மாசத்தில் கல்யாணம் ஆனவர்கள். தினம் காலையில் பவுனம்மாள் தலைக்குக் கூடையைத் தூக்கிவிடுகிறவள் அவள்தான். நிறைந்த மீன்கூடையை ஒருத்தி தானே தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருத்தி தூக்கிவிட்டால்தான் உண்டு.

"இன்னாடி மடியில?"

"மாத்ர."

"எதுக்கு?"

பவுனம்மாள் புஷ்பவல்லியின் கால் நகத்தைப் பார்த்தாள். புஷ்பவல்லி இவள் நகத்தைப் பார்த்தாள். அதோடு விஷயம் முடிந்தது.

அன்று சாயங்காலம் கரையில் கட்டுமரங்களுக்குப் பின்னால் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ராஜாத்தியும் குணசுந்தரியும்கூட ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் சொன்னார்கள். ஒருத்தி ஆரம்பித்துவிட்டால் மற்றவளுக்கு வாய் அடைக்காது. குணசுந்தரிக்கு மூன்று மாசமாக இந்த எரிச்சல் இருக்கிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்ததும் அழுதாள்.

பிறகு பவுனம்மாள் சீசாவைத் திறந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குப்பத்தில் கரைக்கு வந்தது எதுவானாலும் பங்குதான். ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கட்டுமரத்துக்கு ஒரு பங்கு. காய்ச்சலில் படுத்துக் கடலுக்குப் போகாதவனுக்கும் ஒரு பங்கு உண்டு. பங்குக்கு முன்னால் ஒரு நெத்திலியை மடியில் மறைத்தவனைக்கூட மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருந்து சொல்லிக்காட்டுகிற ஊர் அது. பதினாறு மாத்திரை, ஐந்து பேர். ஆளுக்கு மூன்று. மீதி ஒன்று.

"கட்டுமரத்துக்கு" என்றாள் புஷ்பவல்லி. "போயி எட்த்தாந்தவ நீதான. நீதான் கட்டுமரம்."

நியாயமான பேச்சு. பவுனம்மாள் நாலு எடுத்துக்கொண்டாள்.

மருந்து என்றால் அதுதான் மருந்து. மறுநாளே ஐந்து பேருக்கும் எரிச்சல் பறந்துவிட்டது. வேம்பு டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள், ராயபுரம் இருந்த திசையைப் பார்த்து. கால் சுண்ணாம்பை எல்லோரும் கழுவினார்கள். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்தது.

எட்டாம் நாள் ஒவ்வொருத்தியாக மறுபடி சுண்ணாம்பு டப்பாவைத் தேடினார்கள். பவுனம்மாளுக்கு அதோடு நிற்கவில்லை. இடுப்புக்கு மேலே, முதுகில், வலதுபக்கம் குத்து வலி. வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போதே பல் கிட்டுகிற குளிர். கூடையோடு அப்படியே டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பவுனம்மாள் அலறிய அலறலில் வெளியே மருந்துக்கு நின்றிருந்த இருவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"மாத்திரை எல்லாம் தீர்ந்துச்சா?"

"தீந்துபோச்சும்மா."

"பதினாறும்?"

"ஒண்ணு பாக்கி இல்ல."

பொய் இல்லை. ஒன்றுகூட பாக்கி இல்லைதான்.

டாக்டரம்மா மருந்து அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார். "பதினாறுக்கும் கேக்கலைன்னா உள்ள வேற கோளாறு இருக்கு. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், படுக்கணும். குழாய் விட்டுப் பார்ப்பாங்க. கல்லா இருந்தா அறுத்துத்தான் எடுக்கணும்."

பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் பவுனம்மாளுக்கு மீன் வெட்டுகிற சத்தமாகக் கேட்டது. மீன் அறுக்கிறவள் அவள். அறுத்தால் உள்ளே என்ன இருக்கும், எதை எடுத்தால் மறுபடி வைக்க முடியாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எய்தாதம்மா" என்றாள். "நான் துன்னது நாலு."

"நாலா? மீதி?"

"பங்கு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பவுனம்மாள் விளக்கினாள். ஆளுக்கு மூன்று, கட்டுமரத்துக்கு ஒன்று என்று கணக்கும் சொன்னாள், தான் ஒன்றும் ஏமாற்றவில்லை என்று தெரியட்டும் என்று. டாக்டரம்மா எழுதிய காகிதத்தை நிதானமாக நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், கிழித்தார்.

"மூணு மாத்திரையில பூச்சி சாகாது. மயங்கி விழும். மறுபடி எழுந்திரிக்கும். எழுந்திரிச்சா அதுக்கு மருந்தும் பழகியிருக்கும், கோவமும் இருக்கும். அஞ்சு பேரும் இப்ப எப்படி இருக்கீங்க?"

"சுண்ணாம்பு தடவிகினு கீறோம்."

டாக்டரம்மா இரண்டாவது சீசாவை எடுத்தார். அதற்கப்புறம் அலமாரியில் அந்த மருந்து இல்லை, ஊரிலும் சுலபத்தில் கிடைக்காது. "இது உனக்கு மட்டும். உனக்குத்தான் கிட்னிக்குப் போயிருக்கு. இதையும் பங்கு வச்சின்னா ஒரு கிட்னி போயிடும், அப்புறம் நான் கையை விரிக்கணும். காலையும் மத்தியானமும் இங்க வந்து என் கண் முன்னாடி முழுங்கு. சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் ரெண்டு பொட்டலம். சத்தியம் பண்ணு."

"கடலம்மா மேல சத்தியம்" என்றாள் பவுனம்மாள். அந்தச் சத்தியத்தை குப்பத்தில் யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை.

முதல் நாள் சாயங்காலம். பவுனம்மாள் குடிசைக்கு வெளியே பொட்டலத்தைப் பிரித்தாள். புஷ்பவல்லி எங்கிருந்தோ வந்து எதிரில் குந்தினாள். உட்காரும்போதே முகம் கோணியது. பங்கு போடும் இடத்தில் நீட்டுகிற மாதிரி உள்ளங்கையை நீட்டினாள்.

பவுனம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். உப்பில் வெடித்த கை. முப்பது வருஷமாக அந்தக் கையில் எதை வைக்காமல் இருந்திருக்கிறாள்? கொடுக்காமல் தின்றது இதுவரை ஒன்றுகூட இல்லை. அதே சமயம் முதுகில் வலதுபக்கம், தன்னை மறந்துவிடாதே என்று குத்தியது. பவுனம்மாள் மாத்திரையைத் தன் வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். தொண்டையில் சிக்கி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது காரணம் இல்லை.

"டாக்டரம்மா சொல்லிச்சுடி. இத்த பங்கு வெச்சா..."

புஷ்பவல்லி கையை மடக்கிக்கொண்டு எழுந்தாள். "துன்னு. நல்லா துன்னு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பவுனம்மாளின் கூடையை யாரும் தூக்கிவிடவில்லை. நாலு பேரும் ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டு, கடைசி ஆளுக்குக் கரையில் நின்ற எவளோ ஒருத்தியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி, நடந்துவிட்டார்கள். பவுனம்மாள் கவிழ்த்திருந்த ஒரு கட்டுமரத்தின்மேல் கூடையைத் தள்ளி ஏற்றி, அதற்குக் கீழே தன் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்து, தடுமாறி எழுந்தாள். நாலு மீன் மண்ணில் விழுந்தது. பொறுக்குவதற்குக் குனிய முடியாது. காக்காய்கள் அவளை மனமார வாழ்த்தியிருக்கும். அப்படி நாலு நாள். பதினாறும் தீர்ந்தன. குளிர் போயிற்று, முதுகு வலி போயிற்று, எரிச்சல் போயிற்று. குப்பத்தில் பேச ஆள் இல்லை, அது ஒன்றுதான் குறை. அந்தக் குறை எந்த எரிச்சலுக்கும் குறைச்சலில்லை என்று அவளுக்குப் பட்டது.

ஆறாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது.

இது வேறு மாதிரி. எரிச்சலாவது போகும்போது மட்டும் வந்தது. இது உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை, வாடிக்கையாளரோடு பேரம் பேச விடவில்லை. கூடவே தயிர் திரிந்த மாதிரி வெள்ளை. கடலம்மாதான் தண்டித்துவிட்டாள் என்று பவுனம்மாள் முடிவு கட்டினாள். தனியாகத் தின்றவளுக்கு இது வராமல் வேறு யாருக்கு வரும்? தண்டனை கொடுக்கிற இடத்தையும் கடலம்மா பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாதும்மா. கெட்ட பூச்சியையும் கொன்னுது, உடம்புல காவலுக்கு இருந்த நல்ல பூச்சியையும் கொன்னுது. காவல் இல்லாத இடத்துல காளான் முளைச்சிருக்கு. பல பேருக்கு இப்படி ஆகுது."

பவுனம்மாளுக்குக் குப்பத்து நாய்கள் ஞாபகம் வந்தன. "போன வருஷம் முனிசிபாலிட்டி வண்டி வந்து குப்பத்து நாயெல்லாம் புட்ச்சிகினு பூட்டான். கடிநாய்தான் ரெண்டு. நல்ல நாய் இருபது. அப்பால பெருச்சாளி வந்து கருவாடு மொத்தமும் துன்னுட்ச்சி. அந்த மாறியா?"

டாக்டரம்மா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதேதான்" என்றார்.

இதற்கு மருந்து ஊதா நிறத் தண்ணீர். சிலுவையம்மாள் பஞ்சில் தோய்த்து உள்ளே பூசிவிடுவாள், நாள் விட்டு நாள். மருந்து நல்ல மருந்துதான், குளுகுளுவென்று அரிப்பு அடங்கியது. ஆனால் அது பட்ட இடம் பட்டதுதான். பாவாடை ஊதா, புடவை ஊதா. துவைத்தால் இன்னும் கொஞ்சம் பரவியது. தண்டபாணி கொடியில் தொங்கிய புடவையைப் பார்த்துவிட்டு, விரலில் வைக்கிற மை மாதிரி இருக்கிறதே, எலெக்ஷன் வருகிறதா என்று கேட்டான்.

கிணற்றடியில் வேம்பு பார்த்தாள். "இன்னாடி இது, ஊதா?"

பவுனம்மாள் ஒளிக்கவில்லை. மாத்திரை, நாய், பெருச்சாளி எல்லாவற்றையும் சொன்னாள். வேம்பு கேட்கக் கேட்க முகம் மலர்ந்தாள். அந்தி சாய்வதற்குள் ராஜாத்திக்கும் குணசுந்தரிக்கும் சேதி போய்விட்டது. தனியாகத் துன்னவளுக்கு அரிப்பு! அந்த ஒரு நாள் மூவரும் தங்கள் எரிச்சலை மறந்து சந்தோஷமாக இருந்தார்கள். குற்றம் சொல்லக் கூடாது, பாவம், அவர்களுக்கு வேறு மருந்து ஏது? புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை என்று வேம்புவே வந்து சொன்னாள். புஷ்பவல்லி படுத்திருந்தாள். வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு.

பவுனம்மாள் போய்ப் போர்வையை விலக்கி அவள் முதுகில் வலதுபக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். புஷ்பவல்லி முகம் சுளித்தாள், அலறவில்லை.

"இன்னும் கிட்னிக்குப் போவல" என்றாள் பவுனம்மாள், ஆறு வருஷம் படித்தவள்போல. "எயுந்திரு. நாளைக்கு நீ வர. நாலு பேரும் வரீங்க. வரலன்னா இயுத்துகினு போவேன்."

மறுநாள் உச்சிவேளையில் ஐந்து கூடைகளும் டிஸ்பென்சரி வாசலில் வரிசையாக இறங்கின. சிலுவையம்மாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா நாலு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். மஞ்சள் மாத்திரை இல்லை. வெள்ளை மாத்திரை இருந்தது. பழைய மருந்து, வேண்டுமட்டும் கிடைக்கும், ஆளுக்கொரு சீசா, பங்குக்கே வேலையில்லை. "ஆனா ஒண்ணு. இதைச் சாப்பிட்டா நாள் முழுக்கத் தண்ணி குடிக்கணும், பன்னெண்டு டம்ளருக்குக் குறையக் கூடாது. குடிக்கலைன்னா மருந்தே உள்ள கல்லா உறைஞ்சு அடைச்சுக்கும்."

நாலு பேரும் சீசாவை மேஜைமேல் திருப்பி வைத்தார்கள்.

"வோணாம் தாயி" என்றாள் வேம்பு. "எங்களுக்கு சுண்ணாம்பே போதும்."

"ஏன்?"

தரையைப் பார்த்தார்கள். நீட்டு வாய்க்காரி வேம்புவுக்கே வாய் வரவில்லை. பவுனம்மாளுக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மாமேலா, வேம்புமேலா, ராயபுரத்துச் சுவர்கள்மேலா என்று அவளுக்கே தெரியாது.

"குட்ச்சா எங்க போறது?" என்றாள். "காலைல நாலு மணிக்கு இருட்டுல போனா, அப்பால ராவுல ஏயு மணிக்குத்தான். நீ குடி குடின்ற. குட்ச்சிட்டு ரோட்லயா குந்துறது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். விரல் விட்டு எண்ணினார். பதினைந்து வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார். "எத்தனை வருஷமா எத்தனை பேருக்குத் தண்ணி குடின்னு சொல்லியிருக்கேன். ஒருத்தியும் சொல்லலையே."

"நீ கேக்கலியேம்மா."

டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. தகரக் கதவு, பூட்டு. சாவி சிலுவையம்மாள் இடுப்பில். டாக்டரம்மா, சிலுவையம்மாள் தவிர வேறு யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை. டாக்டரம்மா கையை நீட்டினார். சிலுவையம்மாள், பெற்ற பிள்ளையைப் பிரிகிறவளாக, சாவியை அவிழ்த்தாள். "மீன் நாத்தம் போவாதும்மா, அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது."

"நாளையிலிருந்து வெளியே ஆணியில மாட்டு" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா சாவியை பவுனம்மாளிடம் கொடுத்தார்.

பவுனம்மாள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னே பட்டது போதும் என்று இந்தத் தடவை கேட்டே விட்டாள்.

"டாக்டரம்மா, இத்த பங்கு வெக்கலாமா, கூடாதா?"

"வைக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பின்கட்டில் ஒரு பானைத் தண்ணீர் இருந்தது. நாலு பேரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடித்தார்கள். முதல் டம்ளரைத் திருடுகிறவர்கள்போல் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்கள், இரண்டாவதை நின்று நிதானமாக. பகல் வெளிச்சத்தில் வயிறு குளிரத் தண்ணீர் குடிப்பது குணசுந்தரிக்கு எப்படி இருந்ததோ, பானையைக் கும்பிட்டாள். பவுனம்மாளும் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் தகரக் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

யாரும் சொல்லாமலே மற்றவர்கள் ஒதுங்கி பவுனம்மாளுக்கு வழி விட்டார்கள். முறை அதுதான், போய்க் கொண்டுவந்தவள் அவள். புஷ்பவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு, காலோடு காலை இறுக்கி நின்றிருந்தாள். கையை நீட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினாள்.

"போ. கட்டுமரம் அப்பால வரும்."

புஷ்பவல்லி உள்ளே போய் வெகுநேரம் ஆயிற்று. எரிந்திருக்கும். பல்லைக் கடிக்கிற சத்தம்கூட வெளியே வரவில்லை. பிறகு வந்தாள். கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போய் பவுனம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, அதன்மேல் கிடந்த சும்மாட்டுத் துணியை உதறி, வட்டமாகச் சுற்றி, இறுக்கி முடிந்தாள். அந்த ஊதாக் கறை படிந்த பழைய புடவைத் துண்டைத்தான் பவுனம்மாள் சும்மாடாக்கியிருந்தாள். புஷ்பவல்லி கூடையின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தூக்கி வுடட்டா?"

பவுனம்மாள் பின்னாலேயே வந்து கூடையைக் கையால் அழுத்தினாள். சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருடி" என்றாள். "என் பங்கு இன்னும் பாக்கி கீது."